முதுகில் எட்டாத இடம்

தையல்காரர் நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, மர அளவுகோலின் நுனியில் பஞ்சைக் கட்டி, மருந்தில் தோய்த்துத் தடவிப் பார்த்தார். கொப்புளத்தைத் தவிர எல்லா இடத்திலும் மருந்து பட்டது. நாற்பது வருஷமாக ஊரார் முதுகையெல்லாம் அளந்தவருக்குச் சொந்த முதுகு கைக்கு எட்டவில்லை. சட்டை உரசினாலே உயிர் போனது.

"இது அக்கி. சின்ன வயசுல உங்களுக்கு அம்மை போட்டுச்சுல்ல, அந்தக் கிருமிதான்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அப்பவே போயிடுச்சுன்னு நெனச்சிருப்பீங்க. அது எங்கயும் போகல. முதுகுத்தண்டு பக்கத்துல நரம்புக்குள்ள இத்தனை வருஷமா தூங்கிட்டிருந்துச்சு. உடம்பு அசந்த நேரம் பார்த்து எழுந்திருச்சு." மருந்தை யாராவது தடவிவிடலாம், ஆனால் ஏற்கெனவே அம்மை வந்த ஆளாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இந்தக் கொப்புளத்திலிருந்து அவர்களுக்கு அம்மை தொற்றக்கூடும் என்றார்.

ஒண்டிக்கட்டைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பெண் மாசமாக இருந்தாள். அவளிடம் வாயைத் திறக்கவே முடியாது. துணி தைக்க வருகிறவர்களிடம் 'உங்களுக்கு அம்மை வந்திருக்கா' என்று விசாரித்தால் அன்றோடு கடையை மூட வேண்டியதுதான். அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது ஒரே ஓர் ஆள், அக்கா. ஏழு வயதில் அவரும் பத்து வயதில் அவளும் ஒரே படுக்கையில் கிடந்து, சொறியாமல் இருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் இறந்தபோது அவர் போகவில்லை. அதற்கு முந்தின மாதம் அத்தானோடு ஏதோ வாய்த்தகராறு. என்ன தகராறு என்பதுகூட இப்போது சரியாக நினைவில் இல்லை. வீம்பு மட்டும் ஒன்பது வருஷம் நின்றுவிட்டது. தனக்கென்று வந்ததும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நான்காம் நாள் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, நான்தான். சின்னதுல எனக்கு அம்மை போட்டப்போ உனக்கும் போட்டுச்சுல்ல?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது. வைத்துவிட்டாளோ என்று பயந்தார்.

"உங்கிட்டேருந்துதான்டா ஒட்டிச்சு. ஏன்?"

மதியமே வந்துவிட்டாள். தலை முழுக்க நரைத்திருந்தது. வந்ததும் வராததுமாக மருந்துப் புட்டியை எடுத்து, "திரும்பி உட்காரு," என்றாள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பது இருவருக்குமே வசதியாக இருந்தது. விரல் பட்ட இடம் குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் தன்னை யாருமே தொட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, அத்தான் போனப்போ நான்..."

"அசையாத. மருந்து வழியுது."

தடவி முடித்து மூடியைத் திருகினாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடச் சொன்னாங்க?"

டாக்டர் சொன்னது இரண்டு தடவை.

"நாலு தடவை," என்றார், சுவரைப் பார்த்தபடியே.

புட்டியில் வேளை எழுதி ஒட்டியிருந்த சீட்டை அவள் கண்ணருகே தூக்கிப் படிப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பிறகு அவள் தையல் மிஷினுக்கு முன்னால் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.