குடிக்காதவன் கையில் ஸ்ட்ரா

குடியைத் தொடுவதே இல்லை என்கிறவன், தான் கலக்கும் மதுவை எல்லாம் எப்படி ருசி பார்க்கிறான்? இந்தக் கணக்குதான் அக்காவுக்கு உதைத்தது.

அவன் இந்தக் காக்டெய்ல் பாரில் பார்டெண்டர். தங்கையைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறான். அப்பாவின் குடி அவர்கள் வீட்டைக் கரையானாக அரித்த பிறகு, குடிகாரனுக்குக் கழுத்தை நீட்டுவதில்லை என்று தங்கை உறுதியாக இருந்தாள். சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று அவன் சொன்னதை அவள் நம்பினாள். அக்கா நம்பவில்லை. அக்கா தலையசைத்தால்தான் கல்யாணம். அதனால் அவன் வேலை செய்வதை நேரில் காட்டத் தங்கை அவளைக் கூட்டி வந்திருந்தாள்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த பார் சலவைக்கடை மாதிரி வேஷம் போட்டிருந்தது. தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், சலவை இயந்திரங்களின் வட்டக் கண்ணாடிக்குள் விளக்குகள் எரிந்தன. உட்காரக் கவிழ்த்துப்போட்ட துணிக்கூடைகள்.

"நுழையற வழியே திருட்டு வழி. இவன நம்பச் சொல்றியா?"

"கடை அவரோடதாக்கா? சம்பளத்துக்கு வேலை பாக்கறாரு. கொஞ்சம் மெதுவா முறை."

எதிரே அவன் உலோகக் குவளைக்குள் ஸ்ட்ராவை விட்டு, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினான். அடைத்த குழாய்க்குள் மேலிருந்து காற்று புகாது. அதனால் உள்ளே ஏறியது ஒழுகாமல் நிற்கும். வாயில் வைத்து விரலை எடுத்ததும் நாலு துளி நாக்கில் இறங்கியது. அந்த ஸ்ட்ராவை எறிந்தான். அடுத்த குவளைக்குப் புது ஸ்ட்ரா.

"பாத்தியா? உங்கப்பனும் முதல்ல ருசிதான் பாத்தாரு."

"எனக்கு மட்டுமா அப்பன்?" என்றாள் தங்கை. ஆனால் அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. அவளும் இப்போது அந்த ஸ்ட்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை அவன் ருசி பார்த்துத் தலையாட்டியதும், எட்டிக் குவளையை இழுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டாள். தொண்டை எரியுமென்று கண்ணை இறுக்கினாள். எரியவில்லை. எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் கொஞ்சம் இஞ்சியும்தான்.

"நான் வருவேன்னு தெரிஞ்சு போட்ட நாடகமா இது?"

"அக்கா, அது மூலையில கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்காரே, அவர் கேட்டது. இப்ப அவருக்கு வேற போடணும்."

"போடு. நானும் பாக்கறேன்."

அவள் இமைகூடக் கொட்டவில்லை. பழத்தைப் பிழிந்தான், பாகு விட்டான், ருசி பார்த்து முகத்தைச் சுளித்தான். இன்னும் கொஞ்சம் பாகு. வேறு ஸ்ட்ரா. இப்போது தலையாட்டினான். அதற்குப் பிறகே பாட்டிலை எடுத்து, சின்ன அளவுக்குவளையில் நிரப்பி ஊற்றி, ஐஸ் போட்டுக் குலுக்கினான். அதன்பின் ஸ்ட்ரா அதற்குள் போகவே இல்லை.

"குலுக்கினப்புறம் ஏன் பாக்கல? தப்பா இருந்தா?"

"சரக்கு எப்படிக்கா தப்பாகும்? ஒவ்வொரு பாட்டிலும் ஒரே ருசி. எவ்வளவு ஊத்தணும்னு முதலாளி அளவு வச்சிருக்காரு. எலுமிச்சைதான் பழத்துக்குப் பழம் ஏமாத்தும்."

அக்கா நெடுநேரம் அவனைப் பார்த்தாள். இன்னும் இரண்டு பேருக்குக் கலக்குவதையும் பார்த்தாள். முறை மாறவில்லை. தங்கை முழங்கையால் இடித்தாள்.

"என்னக்கா சொல்ற?"

"கட்டிக்கோ. புளிப்பையும் இனிப்பையும் மட்டும் முதல்ல கலந்து ருசி பாத்துக்கறான். சரக்கைக் கடைசியில அளந்து ஊத்திடறான். அது அவன் நாக்குல படறதே இல்ல."