காலிக் கிண்ணங்கள்

சின்னுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சமைக்க வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவள் அவள். வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்னு. தனி ஆள், ரொட்டியும் முட்டையுமாக இத்தனை காலத்தை ஓட்டியிருந்தாள். அப்படிப்பட்டவள், அண்ணிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே ஒரு பையில் துணிமணியைத் திணித்துக்கொண்டு அண்ணன் வீட்டில் வந்து இறங்கினாள்.

"இனிமே சமையல் என் பொறுப்பு. யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"சாப்பிடவாவது திறக்கலாமா?" என்றான் அண்ணன். பஸ் ஓட்டுகிறவன், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். அன்றைக்கு அவன் கிண்டலுக்கு அவனே சிரிக்கவில்லை.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டும். அதற்குள் நின்றுகொண்டு சின்னு செய்ததைச் சும்மா சொல்லக் கூடாது. லீவு நாளில் பெரிய பாத்திரம் ஒன்றை அடுப்பில் ஏற்றுவாள். உருளைக்கிழங்கு, கேரட், பருப்பு எல்லாம் ஒன்றாக வேகும். வெந்ததும் உப்பு, மிளகு எதுவும் போடாமல் அண்ணியின் பங்கை முதலில் எடுத்துவிடுவாள். மீதியில் மிளகைத் தட்டிப்போட்டு அண்ணனுக்கும், பள்ளிக்கூடம் போகிற அவன் மகளுக்கும். சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து ஃபிரீசரில் அடுக்கிவிட்டால் அந்த வாரத்துக்குக் கவலையில்லை. சுடவைக்கத் தெரிந்தால் போதும். அதையும் அண்ணனுக்கு இரண்டு முறை சொல்லித்தர வேண்டியிருந்தது, அது வேறு கதை.

அண்ணியைச் சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடு. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு என்ன வேணும், சொல்லு, செஞ்சு தரேன்." அதைக் கேட்டாலே அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். எதுவுமே வேண்டாம் என்று இருக்கிறவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் என்னதான் சொல்வாள், பாவம்!

சின்னு கேட்கவில்லை. கடையில் அவள் பார்க்காததா? சுவருக்கு என்ன நீலம் வேண்டும் என்று கேட்டால் வந்தவர் திருதிருவென்று முழிப்பார். நாலு நீலத்தைப் பலகையில் தீற்றி முன்னால் வைத்தால் விரல் தானாக ஒன்றைக் காட்டும். அதே மாதிரி நாலு குட்டிக் கிண்ணங்களில் நாலு விதமாக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஸ்பூன் போட்டு மூடி, கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிண்ணங்களைத்தான் பார்ப்பாள். எது காலியோ அது மறுநாள் கூடுதலாக வரும்.

அடேயப்பா, காலியான வேகம்! உருளைக்கிழங்கு மசியல் துடைத்துவைத்த மாதிரி காலி. முட்டை காலி. கொஞ்சம் மிளகு தூவிப் பார்த்தாள், அதுவும் காலி. கேரட் மட்டும் தொடாமல் அப்படியே கிடக்கும். சின்னுவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"அண்ணே, அண்ணிக்கு நாக்குல ருசி திரும்பிடுச்சு! காரமா கேக்குது!"

"ம்ம்" என்றான் அண்ணன், ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டு.

மறுநாளிலிருந்து எல்லாமே மிளகும் உப்பும் தூக்கலாக வந்தது. கடையில் வருகிறவர்களிடமெல்லாம் நிறத்தை விட்டுவிட்டு அண்ணியின் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள். ஒருவர் வெள்ளை கேட்டு வந்து மஞ்சளோடு திரும்பிப்போனார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நர்ஸ் ஒருமுறை பார்த்தாள். அண்ணியை இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தாள். எடை இறங்கியிருந்தது, அதுவும் நன்றாகவே இறங்கியிருந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இப்படியே போனா மருந்து ஏத்த முடியாது. உடம்பு தாங்காது. இந்த வாரம் விட்டுப் பிடிப்போம். அடுத்த திங்கக்கிழமையும் இறங்கியிருந்தா நிறுத்திட வேண்டியதுதான்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரும்பி வரும்போது டாக்ஸியில் அண்ணி தூங்கினாள். அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டு வந்தான். சின்னுவுக்கு மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாலு கிண்ணத்தில் மூன்று தினமும் காலியாகிறது. சாப்பிடுகிற சாப்பாடெல்லாம் எங்கே போகிறது?

எங்கே போகிறது என்பது மறுநாள் தெரிந்தது. கடையில் வேலை ஓடவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். உள்ளே அண்ணியின் குரல் மெலிசாகக் கேட்டது.

"சீக்கிரம் முடிங்க. முட்டையை மறந்துடாதீங்க."

"முடியலடி. காலையில வேற நல்லா சாப்பிட்டுட்டேன்."

"நல்ல புருஷன்ல... ஒரே ஒரு ஸ்பூன்."

எட்டிப் பார்த்தால், கட்டிலோரத்தில் டிரைவர் யூனிஃபார்மோடு உட்கார்ந்துகொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, முட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறான் மகாராசன்! தங்கையைக் கண்டதும் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பேந்தப் பேந்த விழித்தான். கையும் களவுமாக அகப்படுவது என்றால் இதுதான்.

"அடப் பாவி!" சின்னுவின் குரல் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். "இத்தனை நாளா உன் நாக்குக்கா நான் சமைச்சேன்? கேரட்டைத் தொடாம வச்சப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்! பிறந்ததுலேர்ந்து கேரட்டைக் கண்டா ஓடுறவன் நீதானே! சட்டைப் பித்தான் தெறிக்குற மாதிரி இருக்கேன்னு நேத்தே நெனச்சேன், கஷ்டத்துல ஊதிப்போயிருக்கான்னு விட்டேன்!"

"அவரைத் திட்டாத சின்னு" என்றாள் அண்ணி. "நான்தான் சாப்பிடச் சொன்னேன்."

"ஏன் அண்ணி? பிடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

அண்ணி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ வேலையிலேர்ந்து வந்ததும் முதல்ல கிண்ணத்தைத்தான் பாக்குற. காலியா இருந்தா உன் முகத்துல ஒரு சந்தோஷம் வருது பாரு... நாள் முழுக்க நான் அதுக்காகத்தான் காத்துட்டிருப்பேன். இந்த வீட்டுல வேற யாரு முகத்துலயும் இப்ப அது இல்ல."

சின்னுவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அண்ணன் ஒருவழியாக முட்டையை விழுங்கிவிட்டு, "மிளகு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான். அந்த நேரத்திலும் அவனை அடிக்கக் கை ஓங்கியவள் சிரித்துவிட்டாள். அண்ணியும் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"சரி. இனிமே எனக்குக் காலிக் கிண்ணம் வேண்டாம்" என்றாள் சின்னு. "மிச்சத்தைக் காட்டுங்க. மிச்சத்தைப் பாத்தாதான் எனக்கு வழி தெரியும்."

அந்த வாரம் கடைக்கு லீவு போட்டாள். முதலாளி முறைத்தார், அவள் இன்னும் பெரிதாக முறைத்தாள். கிண்ணங்களை வைத்துவிட்டு ஓடாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அப்போதுதான், இத்தனை நாளில் முதல்முறையாக, அண்ணி சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தாள்.

அரை ஸ்பூன் மசியல். அண்ணி அதை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "இரும்பைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்கு" என்று வாயில் வைக்கும் முன்பே சொல்லியிருந்தாள். போர்வையைக் கையால் இறுக்கிப் பிடித்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தொண்டை ஒருமுறை மறுத்தது, இரண்டாம் முறையும் மறுத்தது, அப்புறம் இறங்கியது. இறங்கியது அங்கேயே தங்குமா என்று அசையாமல் காத்திருந்தாள். தங்கிவிட்டது என்று தெரிந்ததும் கண்ணைத் திறந்து, "ம், அடுத்தது" என்றாள்.

சின்னு அப்படியே உட்கார்ந்திருந்தாள். காய் நறுக்கி, மசித்து, டப்பா டப்பாவாக அடுக்கி, தான்தான் இந்த வீட்டில் மாடாய் உழைக்கிறவள் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்வானேன்! அந்த அரை ஸ்பூனுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இப்போது தோன்றியது. பெயிண்ட் டப்பாக்களை ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற பலசாலிகளை அவள் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு பலத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

மிச்சங்கள் வழி காட்டின. சூடாக இருந்தால் வாசனை கிளம்பிக் குமட்டுகிறது. ஆறவைத்துக் குளிரக் கொடுத்தால் கொஞ்சம் இறங்குகிறது. இரும்பு ருசியைக் கூட்டிய எவர்சில்வர் ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு மகளின் பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்தார்கள். மிளகும் உப்பும் போயே போச்சு. வாழைப்பழத்தைத் தயிரோடு அடித்துக் குளிரவைத்தாள். உருளைக்கிழங்கில் கை நிறைய வெண்ணெயைப் போட்டு, கரண்டியில் நிற்காத அளவுக்குத் தளர்த்தினாள். ஒரே வேளையில் கிண்ணம் நிறையக் கொடுக்காமல், யார் கட்டில் பக்கம் வந்தாலும் ஒரு வாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மகள் ஒரு வாய், டூட்டி முடிந்து வந்தால் அண்ணன் ஒரு வாய்.

"நீ ஊட்டும்போது உன் வாய் மூடியிருக்கணும்" என்று அண்ணனுக்குத் தனி எச்சரிக்கை.

எல்லாம் தங்கிவிடவில்லை. ஒருநாள் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அண்ணி வாயைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து அழுதாள். சின்னுவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகு அண்ணி, "சரி, மறுபடி கொண்டா" என்றாள். சின்னு போய்க் கொண்டுவந்தாள்.

திங்கட்கிழமை வந்தது. எடை மெஷினில் ஏறும் முன் அண்ணி செருப்பைக் கழற்றினாள். "போட்டுக்கிட்டே ஏறு, கூடக் காட்டும்" என்று கிசுகிசுத்தான் அண்ணன். நர்ஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எண்ணைப் பார்த்தாள். சின்னுவுக்கு அந்த எண்ணைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இறங்கல" என்றாள் நர்ஸ். "துளி ஏறியிருக்கு."

டாக்டரம்மா தாளில் கையெழுத்துப் போட்டார். மருந்து ஏற்றலாம். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான். சின்னு ஆஸ்பத்திரித் தாழ்வாரம் என்றும் பார்க்காமல், நாலு பேர் பார்க்க, விக்கி விக்கி அழுதாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணி நாலடி எடுத்துவைத்து, நின்று, திரும்பி, சின்னு வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மசியல் டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்த டப்பாவைக் குடு."

"பசிக்குதா அண்ணி?" சின்னு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசையோடு கேட்டாள்.

"பசியெல்லாம் இல்ல" என்றாள் அண்ணி. "நீ குடு."