நிலவறை, நாற்பத்து மூன்றாம் நாள்

ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டான். முன்னறைக்கு வந்து டிவியோடு மாட்டியிருந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இருந்தது. டிவியைப் போட்டான். நிலவறை அப்படியே இருந்தது. நான்கு எலும்புக்கூடுகள், ஒரு சாவி, தட்டில் முழுக் கோழி. கோழிக்கு ஓரடி தள்ளி அவனுடைய கோடரிக்காரன். அறையின் அந்த மூலையில் மனைவியின் வில்லாளி. நடுவில், ஆட்டத்தை நிறுத்தி வைத்ததற்கு அடையாளமாக, ‘பாஸ்’ என்ற எழுத்து. டிவியை அணைத்துவிட்டுக் காபியைக் குடித்தான்.

நாற்பத்து மூன்று நாளாகக் காலை இதுதான்.

அவள் பாஸ் போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். தெருமுனையில் ஒரு வேன். அவ்வளவுதான். இந்த விளையாட்டைச் சேமித்து வைக்க வழி கிடையாது. கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. இன்று பத்து மணிக்கு மீட்டர் மாற்றப்போவதாகக் கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு மச்சினன் வந்தான். இவன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

“என்ன மாமா, பிரசவ வார்டு வாசல் மாதிரி நடக்குறீங்க? அதான் யு.பி.எஸ் வாங்கிட்டீங்கள்ல?”

“வாங்கிட்டேன். அதுல மாட்டணும்னா முதல்ல இதைப் பிடுங்கணும்.”

மச்சினன் சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “படிச்ச மனுஷன்!” பிறகு குரல் இறங்கியது. “அம்மா நேத்தும் அழுதுச்சு. ‘எல்லாரையும் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனாளே’ன்னு.”

இவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். கீழேயிருந்து மீட்டர்காரர் கத்தினார். “சார், அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்றேன்!”

டிவியைப் போட்டான். இரண்டு கன்ட்ரோலர்களையும் எடுத்தான்.

“குடுங்க, அக்காவுக்கு நான் ஆடுறேன்.”

“வேணாம்.”

இந்த நிலவறையில் சும்மா நின்றாலும் உயிர் குறையும். கோடரிக்காரனுக்கு நானூறு இருந்தது. வில்லாளிக்கு முப்பத்தெட்டு. சாப்பிட்டால் நூறு கூடும்; சாப்பாட்டின் மேல் அடி விழுந்தால் அது உடைந்துபோகும். கல்லூரி நாளில், நின்றபடி ஆடும் பெரிய இயந்திரத்தில், பக்கத்தில் ஆடிய முன்பின் தெரியாத பெண்ணின் சாப்பாட்டை இவன் அப்படித்தான் உடைத்தான். “கண்ணு எங்க இருக்கு?” என்று கேட்டாள். அவளைத்தான் கட்டிக்கொண்டான். வீட்டுப் பெட்டி வந்த பிறகும் கை திருந்தவில்லை.

பாஸை எடுத்தான். எலும்புக்கூடுகள் கிளம்பின. இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வில்லாளி சுவரில் போய் முட்டினாள். முப்பத்தொன்று. இருபத்துநாலு.

“கீழ, மாமா, கீழ! ஐயோ, அம்பு விடாதீங்க, கோழி மேல படும்!”

பதினொன்று. தன் ஆளை எலும்புக்கூடுகளுக்குக் குறுக்கே நிறுத்தினான். தன் கன்ட்ரோலரைத் தரையில் போட்டான். அவளுடையதை இரண்டு கையாலும் பிடித்தான். கோடரிக்காரன் நின்ற இடத்திலேயே அடி வாங்கினான். ஏழு. நாலு. வில்லாளி தட்டைத் தொட்டாள். நூற்று நாலு. தட்டு காலி.

திரை இருண்டது.

“ஆஃப் பண்ணியாச்சு சார்!”

பெட்டியின் மேல் கையை வைத்தான். இன்னும் சூடு இருந்தது. கையை எடுக்கவில்லை.

“உங்க ஆளு பக்கத்துலயேதான நின்னான்?” என்றான் மச்சினன். “ஒரு எட்டு வச்சா தின்னிருக்கலாம். எதுக்கு இவ்வளவு பாடு?”

“அது அவளோடது.”

“யார் சொன்னா?”

“அத்தைகிட்ட நான் சொன்னது பொய்டா. சாவு வீட்டுல அவ கடைசியா என்ன சொன்னான்னு ஆளாளுக்குக் கேட்டாங்க, வாயில வந்ததைச் சொன்னேன்.” கை பெட்டியின் மேலேயே இருந்தது. “செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னா. ‘அந்தக் கோழி எனக்கு. நான் வர்றதுக்குள்ள தின்னே, கொன்னுடுவேன்.’”