பூ வரட்டும்

அன்றைக்கு அவள் மட்டும் குனியாமல் நின்றிருந்தால் தாடை போயிருக்கும். குனிந்துவிட்டாள், குத்து சுவரில் விழுந்தது. வெல்டரான புருஷனின் வலது கை, சுண்டுவிரலுக்குக் கீழே, பொடுக்கென்று உடைந்தது. பாவி மனுஷன், அந்தப் பழியையும் பெண்டாட்டி தலையில்தான் போட்டான்!

மாவுக்கட்டைப் பிரித்ததும், ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண் சதுரக் காகிதங்களை நீட்டி, அல்லிப்பூ மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். "நாலு இதழும் கூரா நின்னா கை பழையபடி ஆயிடுச்சுன்னு அர்த்தம் அண்ணே."

வீட்டு வாசலிலேயே அவன், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்தவள் பக்கம் திரும்பினான். "கேட்டியாடி? பூ வரட்டும். அப்புறம் இருக்கு உனக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் சிரித்த நாளில்தான் அடி பலமாக விழும்.

அவள் இஸ்திரிக் கடையில் நிற்கிறவள். தப்பான இடத்தில் மடிப்பு விழுந்துவிட்டால், என்ன தேய்த்தாலும் அது அங்கேதான் மடங்கும் என்று அவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? அவன் குளிக்கப் போகும்போதெல்லாம், வீட்டில் பழகக் கொடுத்தனுப்பிய ஒவ்வொரு காகிதத்தையும் நடுவிலிருந்து நூலளவு தள்ளி மடித்து, பிரித்து, கோடு மறைய இஸ்திரிப்பெட்டியை மேலாக ஓட்டி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுக்கிவைத்தாள்.

பூ கோணிக்கொண்டே வந்தது. அவன் கசக்கி எறிந்தான், நாற்காலியை உதைத்தான், இடது கையால் அவளை அறைந்தான். இடது கைக்கு அவ்வளவு வலு இல்லை. வாங்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில மடிச்சா நல்லா வருது, இங்க மட்டும் என்ன கேடு?" என்று ஒருநாள் பிரிக்காத கட்டு ஒன்றை வாங்கிவந்து, அவள் எதிரிலேயே உட்கார்ந்து மடித்தான். நாலு இதழும் கத்தி மாதிரி நின்றன. பழைய காகிதம் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கோடு தெரிந்தது.

"நீயாடி?"

உள்ளறைக்கு ஓடிக் கதவைத் தள்ளினாள். சாத்துவதற்குள் அவன் வலது கை இடுக்கில் புகுந்து நிலையைப் பிடித்தது. முதுகைக் கொடுத்து நெருக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்குமே கேட்டது. அதே இடம்.

"ஐயோ, விட்டுடும்மா!" அவளை அவன் அம்மா என்றது அதுதான் முதல் தடவை.

கதவைக் கொஞ்சம் தளர்த்தினாள். சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"இனிமே பூ வர வேணாங்க" என்றவள், அவன் இழுப்பதற்குள் மறுபடி சாத்தினாள்.