கடைசிக் கவளம்

நிக்காஹுக்கு இருபத்தாறு மணி நேரம் இருந்தது. துக்கியெம் வீட்டு அடுப்படியில் அவளையும் கல்யாணப் பெண்ணான மகள் ரத்மினியையும் தவிர யாருமில்லை.

அரிசி மூட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. ஒரு நாள் முழுக்க வேக வேண்டிய பலாக்காய்கள் சுவரோரம் கிடந்தன. முந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கூலிச் சமையல் கிடையாது. பெண்கள் அவரவர் கத்தியோடு வந்து கூடிச் சமைப்பார்கள். துக்கியெமும் எல்லா வீட்டுக்கும் கத்தியோடு போயிருக்கிறாள். ஆனால் அவளைக் காய் நறுக்க யாரும் விட்டதில்லை. கிணற்றடியில் பாத்திரம் கழுவுவாள். ஊரில் இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றுகிறவள் அவள்தான்.

வெயில் ஏறிய பிறகு சுமார்சி வந்தாள். அரிசி மில்காரரின் மனைவி. அவள் போகும் வீட்டுக்குத்தான் மற்றவர்கள் போவார்கள். பின்னால் எட்டுப் பெண்கள் வாசலிலேயே நின்றார்கள்.

“வந்துட்டோம். ஆனா நீ அடுப்படிக்குள்ள வரக்கூடாது, துக்கியெம்.”

“என் வீடுக்கா.”

“யாரு இல்லேன்னா? சாப்பிடுறவங்களுக்கு எறங்கணும்ல.”

“கைய நல்லா தேச்சுக் கழுவிட்டுத்தான்க்கா வருவேன்.”

“வேணாம்டி, மறதியில பலாக்காய்க்கும் கஃபன் சுத்திடுவா” என்றாள் பின்னால் நின்ற யாத்மி, பக்கத்திலிருந்தவளிடம். எல்லோரும் சிரித்தார்கள்.

துக்கியெம் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தாள். ரத்மினி பின்னாலேயே வந்தாள்.

“போகச் சொல்லும்மா அவங்கள.”

“சோத்துக்கு என்ன பண்றது? மாப்பிள்ளை வீட்டு சனம் பசியோட திரும்பினா, காலம் பூரா உன்னத்தான் குத்திக் காட்டுவாங்க.”

உள்ளே அடுப்பு எரியத் தொடங்கியது. பாத்திரங்கள் கிணற்றடிக்கு வந்தன. அவற்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

சுமார்சியின் அம்மா போன வருஷம் இறந்தாள். நெடுநாள் படுக்கை. சுமார்சி ஆள் வைக்காமல் தன் கையாலேயே பார்த்தாள் என்பார்கள். மகள் என்றால் அவள்தான் மகள் என்று ஊரில் இன்னும் பேச்சு. அன்று துக்கியெம் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஊற்ற ரத்மினி மட்டும் உள்ளே இருந்தாள். குளிப்பாட்டி முடிக்க வெகு நேரமானது. தொழுகை தள்ளிப்போகிறது என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். நடுவில் மூடி போட்ட டப்பா ஒன்று கேட்டாள். சுமார்சிதான் கதவிடுக்கில் நீட்டினாள். எதற்கென்று கேட்கவில்லை. துக்கியெமும் யாரிடமும் சொல்லவில்லை. குளிப்பாட்டுகிறவள் பார்த்தது உடம்போடு மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

மதியத்துக்கு மேல் சுமார்சி கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள்.

“நாளைக்குக் கடைசிக் கவளம் நான் ஊட்டிடுறேன்.”

பெண் புருஷன் வீட்டுக்குப் போகுமுன் சபையில் தாய் ஊட்டும் சோறு அது.

“அக்கா, அது தாய் ஊட்டுறது.”

“பொணத்தத் தொட்ட கை பொண்ணு வாயில போறத மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்கணுமா? உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

“மத்ததுக்கெல்லாம் சரின்னுட்டேன். இது மட்டும் வேணாம்.”

“அப்ப நாங்க கெளம்புறோம். பலாக்காய் பாதிதான் வெந்திருக்கு, பாத்துக்க.”

“அம்மா, சொல்லிடு” என்றாள் ரத்மினி.

“நீ சும்மா இரு.”

“என்னத்தச் சொல்லணுமாம்?” சுமார்சி குரலை உயர்த்தினாள். பெண்கள் அடுப்படி வாசலுக்கு வந்தார்கள். துக்கியெம் வாய் திறக்கமாட்டாள் என்று சுமார்சிக்குத் தெரியும். “சொல்லேன், கேப்போம். பெத்தவள ரெண்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளிப் பாத்த கை இது. இது ஊட்டக்கூடாது, உன் கை ஊட்டலாமா?”

துக்கியெம் எழுந்தாள். கையிலிருந்த சாம்பலைக் கழுவினாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

“உங்கம்மா முதுகுப் புண்ணுல புழு இருந்துச்சுக்கா. செத்த பெறகு வந்ததில்ல. உசுரோட இருந்தப்பவே வச்சது. ஒண்ணொண்ணா இந்தக் கையாலதான் எடுத்து டப்பாவுல போட்டேன்.”