சைலசின் புதுக் குளவி

ஜவ்வாது மலையின் புதூர்நாட்டுச் சாமை வயல்களில் பொறுக்கிய புழுக்களை ஆராய்ச்சி மாணவி ஆன்மேரி டப்பாக்களில் அடைத்து வளர்த்தாள். ஒரு புழு அந்துப்பூச்சியாகவே மாறவில்லை. அதன் உடலைத் துளைத்துக்கொண்டு எறும்பைவிடச் சிறிய குளவிகள் வெளிவந்தன. நுண்ணோக்கியில் இறக்கை நரம்புகளைப் பார்த்து இனத்தை உறுதி செய்தாள். கேரளத்தில் முன்பே அறியப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிதான். ஜவ்வாது மலையில் பதிவாவது இதுவே முதல்முறை.

துறைத்தலைவர் சைலசுக்கு அது போதவில்லை. மலைக்கு வந்த ஒரே நாளிலும் ஜீப்பை விட்டு இறங்காத மனிதர் அவர்.

"புது இனம்னு சொல்லு. என் பேரையே வெச்சிடலாம்."

"பழைய இனம் சார். ஆதாரம் காட்டினேனே."

"பேப்பர்காரனுக்கு இன்னாம்மா தெரியும்?"

மறுநாள் நிருபர்களை வரவழைத்தார். தானே நுண்ணோக்கியில் குனிந்து, "பாருங்க, வால்ல எவ்ளோ நீளமான ஊசி! இதாலதான் புழுவுக்குள்ள முட்டை வைக்குது" என்று பூரித்தார்.

இவ்வளவு அறியாமைக்குத் தனி அறையும் சுழல் நாற்காலியும் வேறு என்று ஆன்மேரிக்குத் தோன்றியது.

"சார், அது ஆண் குளவி, முட்டையே வைக்காது. நீங்க பாக்கறது ஒட்டிக்கினு இருக்கிற பஞ்சு நூலு" என்றாள் சத்தமாக.

நிருபர்கள் சிரித்துவிட்டார்கள். சைலசின் முகம் கறுத்தது. "உன் கட்டுரையில என் பேர் வரவே கூடாது!" என்று கத்திவிட்டு வெளியேறினார்.

துறைத்தலைவர் என்பதற்காகவே கட்டுரையில் சேர்க்கவேண்டியிருந்த அந்தப் பேரை எப்படி நீக்குவது என்றுதான் அவள் இத்தனை நாள் தவித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினாள், தன் பேரில் மட்டும்.