மிக நீளமான வாக்கியம்

"அவ கையில ஏதாவது வேலையக் கொடுத்துதான் கூட்டிட்டுப் போகணும். சும்மா உக்கார வச்சா வம்பு" என்றாள் அத்தை.

அவள் தம்பி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த சீருடைச் சட்டைகளில் எட்டை எடுத்து, பித்தான் டப்பாவோடு துணிப்பையில் போட்டு மனைவியிடம் நீட்டினான். அவள் பையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். ஏதோ கேட்பதற்காக வலது கையைத் தூக்கினாள். அதற்குள் அத்தை நடுவில் புகுந்து, பையின் பிடியை அந்தக் கையிலேயே மாட்டிவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஐந்து வயதுக் குட்டி அதை வேடிக்கை பார்த்தாள்.

அத்தை என்றால் குட்டிக்குத்தான் அத்தை. ஆனால் தம்பியின் தையல் கடைக்கு வருகிறவர்களிலிருந்து தெருவில் போகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் அத்தைதான். பன்னிரண்டு வருஷம் மழலையர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள். தம்பிக்குப் பெண் பார்த்தவளும் அவளே. பிறவியிலேயே காது கேளாத பெண். பித்தான் துளைக்குக் காஜா எடுப்பதிலும் பித்தான் வைப்பதிலும் கை அவ்வளவு சுத்தம். "வாயில்லாத மருமக. சண்டையே வராது. கொடுத்து வச்சவங்க" என்று தெருவில் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்தாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்குப் பேச்சு இல்லாமல் இல்லை, கை நிறைய இருந்தது என்று. கல்யாணமான புதிதில் கூடப் படித்த தோழி ஒருத்தி வந்தாள். இருவரும் முன்னறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கையாலேயே பேசி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று அத்தைக்குப் புரியவில்லை. தன்னைப் பற்றித்தான் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. தோழி அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

குட்டிக்கும் காது கேட்கவில்லை என்பது ஒன்றரை வயதில் தெரிந்தது. அன்று அத்தை சாப்பிடவில்லை. கையால் பேசிப் பழகினால் குழந்தைக்கு வாய்ப் பேச்சு வராது என்று அடுத்த வாரம் யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று இன்று கேட்டால் அவளுக்கே நினைவில்லை. சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் தாயின் கையில் வேலை இருக்க வேண்டும். துணி, ஊசி, பாத்திரம், துடைப்பம், எதுவாக இருந்தாலும் சரி. அத்தையைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவள் அந்தக் குழந்தைமேல் உயிரையே வைத்திருந்தாள். கொடுமையே அதுதான்.

காது மிஷின் வாங்கி மாட்டி, மூன்றரை வருஷமாகத் தினமும் காலையில் குட்டியைக் கண்ணாடி முன் உட்கார வைத்தாள். 'பந்து' என்கிற ஒரு சொல்லுக்கு நாற்பது நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். வந்த சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். இன்றைக்கு அதில் நாற்பத்தாறு சொற்கள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, குழந்தையின் மொழி வளர்ச்சி எவ்வளவு என்று ஓர் அறிக்கை கேட்டார்கள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பரிசோதனை மையத்தில் தாயை நடைக்கூடத்து பெஞ்சில் பையோடு உட்கார வைத்துவிட்டு, அத்தை குட்டியோடும் நோட்டோடும் உள்ளே போனாள். அங்கே பரிசோதித்த பெண் இவளைவிட இருபது வயது இளையவள். இருந்தாலும் அத்தை வாய் நிறைய மேடம் என்றாள்.

முதலில் படங்கள். பந்து, பால், பூ, நாய். குட்டி ஒவ்வொன்றாக வாய் திறந்து சொன்னாள். அத்தைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது மேடம்."

மேடம் தலையசைத்துவிட்டு மேஜைமேல் ஒரு பொம்மையையும் டம்ளரையும் ஒரு காகிதப் பூவையும் வைத்தாள். "பொம்மைக்குத் தூக்கம் வருது. தூங்க வை பாக்கலாம்" என்றாள். குட்டி பொம்மையை எடுத்து நீட்டி, "பொம்மை" என்றாள். "டம்ளருக்குப் பின்னால பூவை வை." குட்டி திரும்பி அத்தையின் வாயைப் பார்த்தாள். அத்தை சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். "பூ" என்றாள் குட்டி.

"நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்றாள் மேடம்.

பிறகு எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகம். ஒரு சிறுமி செருப்பைக் கழற்றி வைக்கிறாள், நாய் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, சிறுமி துரத்துகிறாள், கடைசியில் ஒரு காலில் செருப்போடு உட்கார்ந்து அழுகிறாள்.

"என்ன நடக்குது?"

"நாய்."

"அப்புறம்?"

"நாய்."

"பாப்பா ஏன் அழறா?"

குட்டி மேடத்தின் வாயை உற்றுப் பார்த்து, "அழறா" என்றாள்.

மேடம் புத்தகத்தை மூடினாள். "உங்ககிட்ட எதையாவது கேப்பாளாம்மா? ஏன், எங்க, எப்போன்னு?"

அத்தை யோசித்தாள். "கேக்க மாட்டா. ரொம்பச் சமத்து."

"நேத்து நடந்ததச் சொல்லுவாளா? இல்ல, எங்க வலிக்குதுன்னாவது?"

அத்தைக்குப் போன மாதத்து மத்தியானம் ஒன்று நினைவுக்கு வந்தது. குட்டி மணிக்கணக்காக அழுதாள். மருந்து கொடுத்தார்கள், வயிற்றைத் தடவினார்கள், கடைசியில் பிடிவாதம் என்று அதட்டினார்கள். புதிதாகத் தைத்துப் போட்ட கவுனின் மடிப்பில் ஒரு குண்டூசி இருந்தது. சாயங்காலம் கவுனைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. தையற்காரர் வீட்டுக் குழந்தைக்கு, ஊசி குத்துகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அதை அத்தை மேடத்திடம் சொல்லவில்லை.

"நாப்பத்தாறு வார்த்தை இருக்கு. நீங்க பட்ட பாடு தெரியுது" என்றாள் மேடம். "ஆனா அவளுக்கு இன்னும் மொழி வரலம்மா. ஒன்றரை வயசுக் குழந்தை அளவுலதான் இருக்கா."

"வார்த்தைதானே மேடம் மொழி?"

மேடம் தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குழந்தை தானாகப் பேசிய மிக நீளமான வாக்கியம் என்று மேலே அச்சடித்திருந்தது. "ரெண்டு வார்த்தைய அவளாச் சேர்த்து ஏதாவது சொல்லியிருக்காளா?"

"இல்ல."

"வீட்டுல கையால பேசறவங்க யாராவது உண்டா? இருந்தா அதையும் எழுதலாம். அதுவும் மொழிதான்."

"அப்படி யாரும் இல்ல" என்றாள் அத்தை, பட்டென்று.

மேடத்தின் பார்வை கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனது. "வெளிய உக்காந்து பித்தான் தைக்கிறாங்களே, அவங்க யாரு?"

"அவ அம்மா. காது கேக்காது. அவகிட்ட என்ன கேக்கப் போறீங்க மேடம்?"

மேடம் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

தாய் ஒரு கையில் சட்டையும் ஒரு கையில் ஊசியுமாக வந்து நின்றாள். மேடம் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில், இந்தப் படத்தைக் குழந்தைக்குச் சொல்லுங்கள் என்றாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு, தோழியைத் தவிர அவளிடம் கையால் பேசிய முதல் ஆள் அந்த மேடம்தான். தாய் அத்தையைப் பார்த்தாள். அத்தை சுவரைப் பார்த்தாள். தாய் ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்துவிட்டு, சட்டையை மேஜைமேல் போட்டாள்; குட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவள் கைகள் எழுந்தன. செருப்பு கழன்றது. நாய் வந்தது, அதன் திமிர் அவள் தோளிலேயே தெரிந்தது. சிறுமி ஓடினாள், தடுக்கி விழுந்தாள், எழுந்தாள், நாயைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். சைகையில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத அத்தைக்கு முழுக்கதையும் புரிந்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டா இவள் இத்தனை வருஷம் பித்தான் தைத்தாள் என்று தோன்றியது.

குட்டி ஒரு நிமிஷம் அந்தக் கைகளை வாய் பிளந்து பார்த்தாள். பிறகு பயந்துபோய் அத்தையைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, தாயின் இரண்டு கைகளையும் பிடித்து அவள் மடியில் வைத்து அழுத்தினாள்.

"கை கீழே" என்றாள், கணீரென்று.

எந்த நோட்டிலும் எழுதாத பாடம் அது. உதடு நன்றாகத் தெரியும்படி, தாயின் முகத்துக்கு நேரே அத்தையும் தம்பியும் நாள் தவறாமல் சொன்னது. பக்கத்தில் நின்ற குட்டி தானாகப் படித்துக்கொண்டாள். மேடம் காலிக் கட்டத்தில் அந்த இரண்டு சொற்களை எழுதினாள்.

தாய்க்கு அது கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. புகுந்த வீட்டில் உதடு பார்த்து அவள் முதலில் கற்றுக்கொண்ட சொற்களே அவைதான். மகளின் முகத்தைப் பார்த்தபடி அழுதாள்.

அத்தை தரையில் மண்டியிட்டுக் குட்டியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "விடுடா கண்ணு. அம்மா பேசட்டும். அம்மாவைப் பாரு."

குட்டி அத்தையின் வாயைக் கூர்ந்து கவனித்தாள். புதுப் பாடம் என்று நினைத்துவிட்டாள். "அம்மா" என்றாள், மணி மணியாக.

"சொல்ல வேணாம்டா. பாரு. அங்க பாரு."

"பாரு" என்றாள் குட்டி.

அத்தை நாற்பத்தாறு சொற்களையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். நான் சொன்னது தப்பு என்று சொல்வதற்கு அதில் வழியில்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது.

தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். முதல் படத்துக்குப் போய், செருப்பைக் கழற்றுவதிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். குட்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்து என்ன சொல்லச் சொல்வாளோ என்று அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.